ஈரம் ஆகாது

ட்ரைகுளோரோசைலேன்.
பதினாறு பக்கத் தாளைத் தமிழில் சுருக்கி
ஒற்றைப் பலகைக்குள் அடக்கச் சொன்னார்கள்.
முதல் வரி எழுதினேன்:
ஈரம் ஆகாது.

பூவராகன் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கேட்டான்:
"எவ்ளோ ஈரம் மேடம்?"
வேர்வையா, மூச்சா,
துவைத்து அரைகுறையாய்க் காய்ந்த கையுறையா,
விடியலில் உப்பனாற்றிலிருந்து எழுந்து
கேட்பாஸ் இல்லாமல் கம்பிவேலி தாண்டி வருமே, அதுவா?
எல்லாமும்தான், என்றேன்.
"அப்ப கடலூரே ஆகாதே."

அதைப் பலகையில் எழுத முடியாது.

முப்பத்திரண்டு டிகிரியில் கொதிக்கும் என்கிறது தாள்.
சிப்காட்டில் அது
சித்திரை மாதத்துக் காலை எட்டரை மணி.
மூடிக்குக் கீழே நைட்ரஜன் போர்வை, என்றால்
இருசன் சிரிக்கிறான்:
காத்து படாம இருக்க
காத்தையே போத்தறதா?
ஆமாம்.
திறக்குமுன் தரைக்கம்பி மாட்டு.
தீப்பிடித்தால் தண்ணீர்க் குழாயை இழுக்காதே.
சிந்தினால் உலர் மணல்.
உலர்ந்த, உலர்ந்த மணல்.
மூன்றாம் முறையும் எழுதினேன். இடம் போதவில்லை, அழித்தேன்.

கடைசி வரியில்தான் வழக்கு.
மேலே பட்டால் தண்ணீர்,
பதினைந்து நிமிடம், நிறுத்தாமல்.
"தண்ணி ஆகாதுன்னீங்க?"
டிரம்முக்கு ஆகாது. உனக்கு ஆகும்.
ஒரு சொட்டு அதை அமிலமாக்கும்.
ஓர் ஆறு அந்த அமிலத்தை அடித்துக்கொண்டு போகும்.
கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்தான்.
"கொஞ்சூண்டு ஈரம் இருக்கிறதுதான் தப்பு.
அப்படி எழுதுங்க."

நான் எழுதவில்லை.

ஐப்பசி. சி ஷிஃப்ட்.
மூன்று நாளாய் விடாத மழை.
இரண்டு ஐம்பதுக்கு
ஏழாம் வரிசையில் ஒரு கேஸ்கட்
மழையைக் கேட்டுவிட்டது.
முதலில் வந்தது நெடி,
மூக்குக்குள் ஆணி அறைந்தாற்போல.
பிறகு வெள்ளை.
தரையோடு தரையாக,
அவசரமே இல்லாமல்,
வழி தெரிந்த ஆள் நடப்பது போல.

பூவராகனின் இடது மணிக்கட்டு.
கையுறைக்கும் சட்டைக்கும் நடுவே
இரண்டு விரல் அகலம்.
அங்கேதான் வேர்த்திருந்தது.

ஷவரின் கீழ் நிறுத்தினேன்.
கூரைக்கு அப்பால் வானமே ஷவர்.
நாலாம் நிமிடத்தில் "போதும்" என்றான்.
ஒன்பதாவதில் பல் தந்தியடித்தது.
பதினொன்றில்
மகளின் ஸ்கூல் ஃபீஸ் தேதியைச் சொன்னான்,
என்னிடம் இல்லை, குழாயிடம்.
பதினைந்து.
இன்னும் அஞ்சு, என்றேன்.

காற்றுப்பை குடிகாட்டை நோக்கி விறைத்திருந்தது.
மேலாளர் போனில்:
ஒரு லிட்டர்கூட இருக்காதும்மா, சைரன் எதுக்கு,
ஊர் தூங்கட்டும்.

கண்ணாடியை உடைத்து அழுத்தினேன் என்று
எழுதத்தான் ஆசை.
அழுத்தியது இருசன்.
நான் அப்போதும் போனில்
"சரி சா" வரைதான் வந்திருந்தேன்.

விடிந்தபோது வேலிக்கு வெளியே பெண்கள்,
இடுப்பில் பிள்ளை,
மூக்கில் நனைத்துப் பிழிந்த முந்தானை.
யார் சொல்லிக் கொடுத்தார்கள்?
என் பலகைக்கு அவர்கள் பக்கம் முதுகு.

படிவத்தில், காரணம் என்ற கட்டத்தில்
யாரோ எழுதியிருந்தார்கள்: ஈரம்.
கையில் கட்டோடு பூவராகன்
மூன்று நாள் லீவு கேட்டான்.
எடுத்துக்கோ, சம்பளம் கிடையாது, என்றார் கான்ட்ராக்டர்.
அவரும் பலகையைப் படித்திருப்பார்.

இன்னொரு பலகைக்குச் சீட்டு போட்டிருக்கிறேன்,
வெளியே பார்த்தாற்போல் மாட்ட.
முதல் வரி
இன்னும் அமையவில்லை.